டேட்டாபேஸ் படிக்கும் பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன், பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் பாடத்தைப் பற்றி என்ன பேசுவது என்று நண்பர்கள் கேட்கலாம். பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது என்றே நினைக்கிறேன். டேட்டாபேஸ் (தரவுத்தளம் என்று தமிழில் எழுதுகிறார்கள்) என்று இன்றைக்குப் பிள்ளைகள் படிப்பது எதுவோ, அதைத்தான் நாங்கள் பேனாவும் மையும் வைத்துக்கொண்டு செய்தோம். கேள்விப்பட்டு எழுதுவதல்ல இது. அந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு மாதம் படித்துவிட்டு எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கப் படிக்கிறார்கள். அது எப்படிப் பதில் சொல்கிறது என்று படிப்பதில்லை. பாடத்திட்டத்தில் அது இருக்கிறது, பரீட்சையிலும் வருகிறது. ஆனாலும் படிப்பதில்லை.

எப்படி என்கிறீர்களா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஐந்து அலகுகள். அட்டவணைகளை எப்படி அமைப்பது, எப்படிக் கேள்வி எழுதுவது என்பவை முதல் இரண்டு. மூன்றாவது, ஒரு காரியம் பாதியில் நின்றால் என்ன, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன என்பது. நான்காவது அலகில்தான் வட்டில் எப்படி எழுதப்படுகிறது, இண்டெக்ஸ் எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு கேள்விக்கு எந்த வழியில் போய்ப் பதில் தேடுவது என்ற உள்வேலை எல்லாம் வருகிறது. ஐந்தாவது நவீன சமாசாரங்கள். ஆய்வுக்கூடத்திலோ முழுக்க முழுக்க மேல்வேலைதான்: அட்டவணை உண்டாக்கு, கேள்வி எழுது, கடைசியில் ஒரு சின்ன புராஜெக்ட். உள்வேலையைக் கையால் செய்து பார்க்க ஒரு பயிற்சியும் கிடையாது.

என் அண்ணன் பேத்தி நாலாவது செமஸ்டர். (எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.) லீவுக்கு வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு அது?"

"பி பிளஸ் ட்ரீ தாத்தா. பதிமூணு மார்க்கு. படம் போட்டு நாலு ஸ்டெப் எழுதினா போதும், வந்துரும்."

"எதுக்கு அந்த மரம்?"

"வேகமாத் தேடறதுக்குங்க தாத்தா."

"அது இல்லைன்னா?"

"மெதுவாத் தேடும்."

அவ்வளவுதான் பதில். பெண் கெட்டிக்காரி, பத்தாம் வகுப்பில் கணக்கில் சதம் அடித்தவள். அவளைக் குறை சொல்லவில்லை. பத்து இரண்டு மார்க், ஐந்து பதிமூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று நூறு மார்க்கைப் பங்கு போட்டு வைத்தால், எந்தப் பிள்ளையும் இப்படித்தான் படிக்கும்.

இனி எங்கள் ஆபீஸுக்கு வருகிறேன். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் எங்களுக்கு வேதம். அதன் 51-ஆவது பிரிவு என்னென்ன புத்தகம் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு 1-ஆம் புத்தகம், உயிலுக்கு 3, இதர ஆவணங்களுக்கு 4, இப்படி. 53-ஆவது பிரிவு, ஒவ்வொரு புத்தகத்திலும் ஆண்டு தொடங்கும்போது ஒன்றில் ஆரம்பித்து ஆண்டு முடியும்வரை தொடர் எண் போடச் சொல்கிறது. நடுவில் ஓர் எண்ணை விடக்கூடாது, நுழைக்கவும் கூடாது. 55-ஆவது பிரிவு இண்டெக்ஸ். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கு ஓர் இண்டெக்ஸ். சொத்துக்கு ஓர் இண்டெக்ஸ். 57-ஆவது பிரிவு, எந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எதைச் சம்பந்தப்பட்டவர் மட்டும் பார்க்கலாம் என்று வரம்பு கட்டுகிறது. ஐபிஎம் கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்பவர் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1970-ல். அதற்கு அறுபத்திரண்டு வருஷம் முன்னாலேயே இதெல்லாம் காகிதத்தில் நடந்துகொண்டிருந்தது. (பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.)

ஒருவர் வில்லங்கம் போட்டுப் பார்க்க வருகிறார். முப்பது வருஷத்துக்கு வேண்டும். முப்பது வருஷத்துப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினால் அவர் ஆயுசும் போதாது, என் ஆயுசும் போதாது. சொத்து இண்டெக்ஸை எடுத்து, அந்த ஊர்ப் பக்கத்துக்குப் போய், சர்வே எண்ணைத் தேடி, எதிரில் இருக்கும் பத்திர எண், தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அந்தத் தொகுதியை மட்டும் திறப்போம். ஒன்றுமில்லையென்றால் 16-ஆம் படிவம், இருந்தால் 15-ஆம் படிவம். கம்ப்யூட்டர் செய்வதும் அதே வேலைதான், அலமாரி மட்டும் வேறு.

ஆனால் எங்களிடம் ஒரு விஷயம் இருந்தது. இண்டெக்ஸ் எப்படி எழுதப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். நாங்களே எழுதியது.

நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979-ல் தொடங்கி எண்பதுகளின் பிற்பகுதிவரை நடந்ததே, அதில் சர்வே எண்கள் உட்பிரிவாகப் பிரிந்தன. 47/2 என்று ஒரே துண்டாக இருந்தது 47/2ஏ, 47/2பி என்று ஆகும். பழைய குமாஸ்தா யாராவது 47/2பி-க்கு வில்லங்கம் தேடினால், கை தானாகவே 47/2-க்கும் போகும். தாய் எண்ணில் அடமானம் இருந்தால் பிள்ளை எண்ணுக்கும் அது உண்டல்லவா?

கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு விவசாயி, பெயரும் ஊரும் வேண்டாம், ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார். உட்பிரிவு எண்ணைக் கொடுத்து வில்லங்கம் எடுத்தார், சுத்தமாக வந்தது. கிரயம் முடிந்து இரண்டாவது வருஷம் கூட்டுறவுக் கடனுக்கு நோட்டீஸ் வந்தது, முந்தைய உரிமையாளர் தாய் எண்ணில் வைத்த அடமானம். 47/2 வேறு, 47/2பி வேறு என்று எந்திரம் நினைத்தது. அது நினைத்ததில் தப்பில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில். அந்த மனிதர் இரண்டாம் தடவையாகப் பணம் கட்டி நிலத்தை மீட்டார். அவர் வீட்டு மாடுகள் சந்தைக்குப் போனதை அந்த ஊரே பார்த்தது.

இந்த இடத்தில்தான் பாடப்புத்தகம் எனக்குக் கண்ணைத் திறந்தது. இண்டெக்ஸில் இரண்டு முக்கிய வகை உண்டாம். ஒன்று ஹேஷ். சரியான திறவுகோலைக் கொடுத்தால் நேராக அந்த அறைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று அந்த பி பிளஸ் மரம். அது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருப்பதால், 47/2 என்று தொடங்குவதையெல்லாம் கொடு என்றால் வரிசையாக எடுத்துக் கொடுக்கும். ஹேஷ்தான் வேகம் என்று இரண்டு மார்க்குக்கு உருப்போட்ட பிள்ளை வில்லங்கத் தேடலுக்கு ஹேஷ் போட்டுவிட்டால், 47/2 என்று தொடங்குவதையெல்லாம் சேர்த்துத் தேட அந்த இண்டெக்ஸில் வழியே இல்லை. மரம் போட்டாலும் கவனம் வேண்டும். 47/2 என்று தொடங்குவதைக் கேட்டால் 47/20-உம் கூடவே வந்து நிற்கும். வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினால் 47/10 முதலில், 47/2 அப்புறம். இதையெல்லாம் யோசிக்க வேண்டுமானால் உள்ளே எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்று மனசில் படம் இருக்க வேண்டும். பரீட்சைத்தாளில் போடும் படம் அதற்கு உதவாது.

மரத்தின் அருமையையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு பிடித்தவர்களுக்காக. போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் வட்டில் எழுதுவது பக்கம் பக்கமாக. ஒரு பக்கம் 8,192 பைட். ஒரு பதிவுக்கு இருபது பைட் என்று வைத்தால் ஒரு பக்கத்தில் சுமார் நானூறு கிளை. முதல் பக்கத்திலிருந்து நானூறு பக்கம், அதிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் பக்கம், அவற்றில் ஆறு கோடியே நாற்பது லட்சம் பதிவு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட ஜனத்தொகை 15,06,843. அத்தனை பேரில் ஒருவரைப் பிடிக்க மூன்று பக்கம் புரட்டினால் போதும். போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் இருவரும் எழுபதுகளின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. முப்பது வருஷத்து இண்டெக்ஸ் புத்தகங்களை முதுகு ஒடியச் சுமந்தவனுக்குத்தான் அந்த மூன்று பக்கத்தின் மதிப்பு தெரியும்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. தொப்பூர், பொம்மிடி, மொரப்பூர் - மூன்றும் நம் ஊர்கள்தானே? மூன்றிலும் முதலெழுத்து ஒகர உயிர்மெய். யூனிகோடில் அந்தக் கொம்பும் காலும் சேர்ந்த குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. உள்ளே பைட் வேறு. சமன்படுத்தாமல் விட்டால் ஒரு தொப்பூரில் தேடினால் இன்னொரு தொப்பூரில் இருக்கும் பத்திரம் கிடைக்காது! போதாக்குறைக்கு நம் பக்கத்து அள்ளிகள். ஒருவர் ஹள்ளி என்று எழுதுவார், ஒருவர் அள்ளி என்பார், ஒருவர் பள்ளி என்றே மாற்றிவிடுவார். கன்னடமும் தெலுங்கும் தமிழும் புழங்கும் மாவட்டத்தில் இது சகஜம்.

வரிசையும் அப்படியே. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். யூனிகோட் எண் வரிசையில் நகரத்துக்கு அடுத்தே அது வந்துவிடுகிறது. ழகரம் ளகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. சரியான வரிசை வேண்டுமென்றால் அதற்கான விதியைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018-ல் லினக்ஸின் அடிப்படை நூலகம் ஒன்றில் எழுத்து வரிசை விதிகள் மாறின. பழைய வரிசையில் கட்டியிருந்த போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்கள் பிசகின. இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும் நிலை. மறுபடி கட்டித்தான் சரிசெய்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு புது குமாஸ்தா வந்து ஆங்கில அகர வரிசையில் எழுதியிருந்த பெயர் இண்டெக்ஸைத் தமிழ் வரிசை என்று நினைத்துத் தேடினால் என்ன ஆகும்? அதேதான்.

அடுத்தது, பாதியில் நிற்கும் காரியம். மளிகைக் கடைக்காரர்கள் சிட்டையும் பேரேடும் வைத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் முதலில் சிட்டையில் எழுதுவார்கள். ராத்திரி சாவகாசமாகப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் பாதகமில்லை, சிட்டை இருக்கிறது. டேட்டாபேஸும் இதையேதான் செய்கிறது. லாக் என்று ஒரு சிட்டை. அதில் எழுதாமல் பேரேட்டில் கை வைக்கக்கூடாது.

இந்தச் சிட்டை வித்தையை முழுமையாக வகுத்துக் கொடுத்தவர்களில் முதல் பெயர் ஒரு தமிழருடையது. சி. மோகன். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ல் முனைவர் பட்டம், பிறகு ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடம். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்ற முறைதான், மின்சாரம் போய் எந்திரம் நின்று மறுபடி எழும்போது கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உலகம் முழுக்கப் பெரிய டேட்டாபேஸ்கள் பின்பற்றும் வழிக்கு அடிப்படை. முதலில் சிட்டையைப் பார்த்து எது பாதியில் நிற்கிறது என்று கணக்கெடுப்பது. பிறகு நடந்ததையெல்லாம் மறுபடி அதே வரிசையில் நடத்துவது. கடைசியில் முடியாமல் நின்றவற்றை மட்டும் பின்னோக்கி ரத்து செய்வது.

அந்த ரத்து செய்யும் இடத்தைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ரத்து செய்வதையும் சிட்டையில் ஒரு புதுப் பதிவாகவே எழுதுகிறார்கள், பழையதை அழிப்பதில்லை. பத்திர ஆபீஸில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? பதிவான பத்திரத்தை யாரும் கிழிக்க முடியாது. அதை ரத்து செய்ய இன்னொரு ரத்துப் பத்திரம் எழுதி, அதற்கும் ஓர் எண் வாங்கி, அதே 1-ஆம் புத்தகத்தில் பதிய வேண்டும். பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம். எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கட்சிக்காரர்கள் எங்களைத் திட்டாத நாளில்லை. ரத்து செய்து கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனால், எதுவரை ரத்து செய்தோம் என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான்.

ஏரீஸும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதிய மூவரில் ஒருவரான சுதர்சன் சென்னை ஐஐடியில் படித்து மும்பை ஐஐடியில் பேராசிரியராக இருப்பவர். மற்ற இருவர் சில்பர்ஷாட்ஸ், கோர்த். அண்ணா பல்கலைக்கழகம் முதல் பாடநூலாகச் சொல்வது இவர்களுடையதைத்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வைத்திருக்கும் இன்னொரு பிரபலமான புத்தகத்தை எழுதியவர்களில் ராகு ராமகிருஷ்ணனும் சென்னை ஐஐடி. இந்தத் துறையின் உள்வேலையில் நம் ஆட்களின் கை இப்படி நிறைய இருக்கிறது. செட்டிக்கரையில் 2013-ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தபோது, நம் மாவட்டத்திலிருந்தும் அப்படி யாராவது கிளம்புவார்கள் என்று நினைத்து சந்தோஷப்பட்டவன் நான்.

ஓய்வூதியர்களுக்குப் பிடித்த ஒரு கதை சொல்கிறேன். எழுபதுகளில் ஐபிஎம் ஆட்கள் சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 25,000 டாலருக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் 10 சதவீதம் உயர்வு கொடு என்று ஒரு கட்டளை போட்டார்கள். கட்டளையில் எழுத்துப் பிழை இல்லை. ஓடி முடிந்ததும் பார்த்தால் ஒருவர்கூட 25,000-க்குக் கீழே இல்லை! என்ன நடந்தது? எந்திரம் சம்பள இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே போகிறது. ஒருவருக்கு உயர்வு கொடுத்ததும் இண்டெக்ஸில் அவர் இடம் மேலே நகர்கிறது. எந்திரம் மேலே போகும்போது மறுபடி அவரைப் பார்க்கிறது. இன்னும் 25,000 ஆகவில்லையே, இந்தா இன்னொரு பத்து சதவீதம்! இப்படியே எல்லோரும் எல்லையைத் தாண்டும்வரை. அகவிலைப்படி இந்த மாதிரி வந்தால் நமக்கு வேண்டாம் என்றா சொல்வோம்? ஹாலோவீன் பண்டிகை அன்று கண்டுபிடித்ததால் அதற்கு ஹாலோவீன் பிரச்சினை என்றே பெயர். மேலே எழுதும் கேள்வியை மட்டும் படித்தவர் இதை ஆயுசுக்கும் கண்டுபிடிக்க மாட்டார்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் (இளைஞர், நல்ல மனிதர்) சொன்னார்: "சார், சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தலை. இந்தப் பசங்கள்ல பாதிப் பேர் முதல் தலைமுறை. கேம்பஸ்ல கேக்கறது எஸ்கியூஎல் கேள்விதான். உள்ளே எப்படி ஓடுதுன்னு யாரு கேக்கறாங்க? டேட்டாபேஸை அமேசான்காரன் பார்த்துக்கறான்."

பொய்யில்லை. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கு முதலில் வேலை வேண்டும். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பனுக்கு ஏரீஸ் சோறு போடுமா என்று அவர் கேட்பது நியாயம். நானும் அந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தவன்தான்.

ஆனால் அந்த வாதம் பத்து வருஷத்துக்கு முன்னால் செல்லும், இப்போது செல்லாது என்பது என் அபிப்பிராயம். கேள்வி எழுதுவதை இப்போது எந்திரமே செய்கிறது. 'காரிமங்கலம் தாலுகாவில் இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளவர்கள் பட்டியல்' என்று சாதாரண பாஷையில் சொன்னால், அண்ணன் பேத்தியின் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு எஸ்கியூஎல் எழுதித் தருகிறது; அவளே காட்டினாள். அப்படியென்றால் கேம்பஸில் கேட்ட அந்த வேலை யாருக்கு மிஞ்சும்? எழுதித் தந்தது ஏன் நாற்பது நிமிஷம் ஓடுகிறது, இரண்டு வருஷத்து அடமானம் ஏன் விட்டுப்போயிற்று என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அமேசான்காரர் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். 47/2-க்கும் 47/2பி-க்கும் உள்ள தாய்பிள்ளை உறவு அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் தலைமுறைப் பிள்ளை என்பதால் மேலோட்டமாகப் படித்தால் போதும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அதை அக்கறை என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் சென்னையில் கம்ப்யூட்டர்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உள்வேலையைச் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் உண்டு. நம் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

செலவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. போஸ்ட்கிரெஸ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியது. அதன் மூல நிரல் முழுவதும் இணையத்தில் கிடக்கிறது. பைசுஅள்ளியில் உட்கார்ந்து படித்தாலும் அதே வரிதான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி பாவ்லோ என்ற பேராசிரியர் நடத்தும் வகுப்பு முழுவதும் யூடியூபில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளிடம் எலும்புக்கூடு போல ஒரு டேட்டாபேஸைக் கொடுத்து, பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி, பி பிளஸ் மரம், கேள்வியை நிறைவேற்றும் பகுதி, இருவர் மோதாமல் பார்க்கும் பகுதி என்று ஒவ்வொன்றாக அவர்களையே எழுத வைக்கிறார்கள். ஒரு செமஸ்டரில் முடிகிறது. நான் அவர் வகுப்பில் மூன்றைப் பார்த்தேன். பாதி புரியவில்லை, மனிதர் வேகமாகப் பேசுகிறார். புரிந்த பாதி எங்கள் ஆபீஸ்தான்.

நம் கல்லூரிகள் அத்தனையும் செய்ய வேண்டியதில்லை. ஆய்வுக்கூடப் பயிற்சிகளில் இரண்டை எடுத்துவிட்டு, ஒரு மரத்தை எழுத வைக்கட்டும், ஒரு சிட்டையை எழுத வைக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேராசிரியர் போய் ஸ்விட்சை அணைக்கட்டும். மறுபடி போட்டால் கணக்கு நேராகிறதா என்று பார்த்து மார்க் போடட்டும். படம் வரைந்து நாலு ஸ்டெப் எழுதினால் பதிமூன்று என்பதற்கு அது மேல் அல்லவா? ஓய்வுபெற்ற பதிவுத்துறை, வருவாய்த்துறை ஆட்களை ஒரு மத்தியானம் கூப்பிட்டால் வந்து இண்டெக்ஸ் புத்தகம் எப்படி எழுதினோம் என்று சொல்லிவிட்டு வருவோம். காபி கொடுத்தால் போதும்.

உங்கள் பேரன் பேத்தி யாராவது இந்தப் படிப்பில் இருந்தால், பொங்கலுக்கு வரும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். "என் கணக்கிலிருந்து உன் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பறேன். என் கணக்கில் கழித்தாயிற்று, உன் கணக்கில் ஏற்றுவதற்குள் பேங்க் எந்திரம் நின்றுவிட்டது. மறுபடி போட்டதும் அந்தப் பணம் எங்கே இருக்கும், எப்படித் தெரியும்?" திரும்ப என் கணக்குக்கே வந்துவிடும் என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். எதைப் பார்த்து எந்திரம் அந்த முடிவுக்கு வந்தது, அது எங்கே எழுதியிருந்தது, எப்போது எழுதியது என்று கேளுங்கள். அண்ணன் பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் ஒரு காகிதத்தில் சிட்டை வரிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். நாலாவது வரியில் ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது, அவளுக்கும் இருந்தது. அவள் பேராசிரியரிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.